ஒரு நாள் முந்திப் போகிறவர்

சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து, விட்டு, மறுபடி இழுக்கும் சத்தம். மூன்று முறை. போன வாரம் பிளாட் புஷ்ஷிலிருந்து வேலைக்குப் போகையில் என்னோடு ஏறிக்கொண்ட புதுப் பெண் அப்படிச் செய்தாள். பெல்ட் சரியாகச் சுருளவில்லை, அவ்வளவுதான் காரணம். ஆனால் எந்தக் காரில் ஏறினாலும் பெல்ட்டை அப்படி மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. பார்த்தால் அங்கே, முழங்காலில் கைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பின்னால் வரும் வண்டிகளைக் கண்ணாடியில் எண்ணிக்கொண்டு, ரானுயி அக்கா உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

ரானுயி, நாங்கள் முன்பு குடியிருந்த பகுதி. அக்காவுக்கென்று வேறு பெயர் உண்டு. எழுத மாட்டேன். எழுதினால் இதையும் எல்லாருக்கும் முந்திப் போய்ப் படித்துவிட்டு வந்து, “மூண்டாம் பக்கத்தில கால் தடக்கும் பிள்ளை, கவனம்” என்பார்.

அதுதான் அவர். எந்த இடத்துக்கும் அவர் நம்மோடு முதல் தடவை வந்ததே இல்லை. நம்மோடு வருவது அவருக்கு எப்போதும் இரண்டாம் தடவை. முதல் தடவை, ஒரு நாள் முந்தி, தனியாகப் போய்வந்திருப்பார். “ஒருக்கா பாத்திட்டு வாறன்” என்று டிரைவ்வேயில் அவர் கார் பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டால், மறுநாள் எங்கோ கல்யாணம், எங்கோ பிறந்தநாள், எங்கோ சாவு என்று பொருள்.

ஒரே டிரைவ்வேயில் முன்வீடு அவருடையது, பின்வீடு எங்களுடையது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கடைசியாக இருந்தது வன்னியில். நாங்கள் திருச்சிப் பக்கம். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவருக்கு, தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி மாத்திரை கொடுத்துவிட்டு வரும் வேலை. அந்த வீடுகளையும் முதல் நாளே தெருவில் நின்று பார்த்துவிடுவார்.

என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்தோம். சாவி வாங்கப் போன இடத்தில், ஹாலைப் பார்த்துக்கொள்பவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “நேற்று உங்கள் ஆட்களில் ஒரு அம்மா வந்தார். எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்தார். பின்கதவில் சங்கிலி கிடந்ததற்கு என்னோடு சண்டை போட்டார். கழற்றிவிட்டேன். அவர் இன்றைக்கும் வருவாரா?”

வந்தார். பலூன், கேக், பிரியாணி, முப்பது பிள்ளைகளின் கூச்சல். அக்கா பின்கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஒரு காலால் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். ஜூலை மாதம், இந்த நாட்டில் கடுங்குளிர். காற்று மெழுகுவர்த்தியை இரண்டு தடவை அணைத்தது.

“அக்கா, கதவைச் சாத்துங்களேன். பிள்ளைங்க நடுங்குதுங்க.”

“நடுங்கட்டும். நடுங்கிற பிள்ளையால ஓடேலும்” என்றார், எலும்பைக் கடித்துக்கொண்டே.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. “அக்கா சொர்க்கத்துக்கும் ஒரு நாள் முன்னாடி போய்ப் பாத்துட்டு வந்துருவாங்க” என்று அக்கா முன்னாலேயே சொன்னார். அக்கா கோபிக்கவில்லை. “திரும்பி வர விடுவாங்களெண்டால் போகமாட்டனோ தம்பி? உமக்கு ஆர் பக்கத்துக் கட்டில் எண்டும் கேட்டுக்கொண்டு வருவன்.”

சிரித்தோம். அப்படித்தான் முதல் சில வருடங்கள் கழிந்தன. எனக்குப் பித்தப்பைக் கல் வந்து அறுவைக்கு நாள் குறித்தபோதுதான் அந்தப் பழக்கத்தின் மறுபக்கத்தைப் பார்த்தேன். முந்தின சாயங்காலம் அக்கா எங்கள் சமையலறைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்:

“மூண்டாம் மாடி. லிஃப்டால வெளிக்கிட்டு இடப்பக்கம். கழிப்பறைக் கதவு இழுக்கிற கதவு, தள்ளாதை. தலையணி பதிவு, உயரம் காணாது; வீட்டில இருந்து ஒண்டு கொண்டு போ. அங்க நிக்கிற நேர்ஸ் பிலிப்பைன்ஸ் பிள்ளை. நல்லவ. ஊசி ஏத்த முதல் சொல்லிப்போட்டுத்தான் ஏத்துவா.”

மறுநாள் அந்த ஆஸ்பத்திரிக்குள், ஏற்கெனவே ஒரு தடவை அறுத்துக் குணமாகி வந்தவளைப் போல நடந்தேன். எனக்கு வர வேண்டிய பயத்தை வேறொருவர் முதல் நாளே போய் அனுபவித்துத் தீர்த்துவிட்டிருந்தார். இப்படி ஒரு ஆள் நம் வாழ்க்கையில் இருப்பது வரமா, நம்மைக் கெடுப்பதா என்று அப்போது யோசிக்கவில்லை.

யோசித்தவன் அவர் மகன். ஒரே மகன். பன்னிரண்டு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் இறங்கியவன். வேலையில் சேர்ந்த முதல் நாள் வரவேற்பறைப் பெண் அவனிடம், “உன் அம்மா நேற்றே வந்துவிட்டார்” என்றாளாம். லிஃப்ட் நின்றுபோனால் மேல்மாடிக்காரர்கள் எப்படி இறங்குவார்கள் என்று கேட்டு, அக்கா படிகளில் ஏறி இறங்கியும் பார்த்திருக்கிறார். ஆறு மாதம் ஆபீஸில் அவனைக் கண்டாலே தீ விபத்தில் வெளியேறும் கதவைக் காட்டிச் சிரித்தார்களாம். அதையும் பொறுத்தான். பிறகு ஒரு பெண்ணோடு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் சாப்பாடு, அம்மாவையும் கூட்டி வா என்று அழைப்பு. சனிக்கிழமை அக்கா அந்த வீட்டுக்கு எதிர்நடைபாதையில் முக்கால் மணி நேரம் நின்றார். கடைசியில் பெண்ணின் அப்பா கதவைத் திறந்து வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

“நாளைக்கு வருவன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாப்பாட்டுக்கு இருவரும் போனார்கள். திரும்பி வந்து டிரைவ்வேயில் நின்று அவன் கத்தியது பின்வீடு வரை கேட்டது. “ஒரு இடத்துக்காவது நான் முதல் போகோணும் அம்மா! எங்க போனாலும் உங்கட மணம் எனக்கு முதலே அங்க நிக்குது!”

அந்த வாரமே ஏவன்டேலில் ஒரு ஃபிளாட் எடுத்துக்கொண்டு போனான். ஏழு மாதம் வரவில்லை. ஃபோனும் இல்லை. அக்கா அவன் அறையை ஒவ்வொரு ஞாயிறும் துடைத்தார். ஏவன்டேல் சந்தைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். “நான் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் அவன் பாக்க வந்ததெண்டுதான் நினைப்பான்.”

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது என்ன என்று விளங்காது.

ஒரு தடவை அவர் முழங்கால் வீங்கிக் கிடந்தது. மறுநாள் கண் டாக்டரிடம் போக வேண்டும். முதல் நாள் போய்ப் பார்க்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கணவாய் மீன் துப்புரவு செய்துகொண்டிருந்தார். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன்: “நீங்க இருங்கக்கா. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

கத்தி நின்றது.

“பாக்கிறதுக்கெண்டு நான் ஒருத்தரையும் அனுப்பிறேல்லை.”

“நீங்க எங்க அனுப்புறீங்க, நானாத்தான…”

“அனுப்பிறேல்லை எண்டு சொன்னனான்.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தலாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு அவர் கணவாயிடம் பேசுவது போலப் பேசினார். “பாதை திறந்திருக்கோ எண்டு பாக்க வேணும். இவன்ர அப்பா விடியப் பாப்பம் எண்டவர். இல்லை, இப்பவே ஒருக்கா போய்ப் பாத்திட்டு வாங்கோ எண்டு நான்தான் சொன்னனான். சேட்டுக்கு ரெண்டு பொத்தான் போட்டபடி போனவர்.”

அவ்வளவுதான். போனவர் திரும்பி வரவில்லை என்பது எனக்கு விளங்கியது. அந்த மாதம் அவர் கண் டாக்டரிடம் போகவே இல்லை.

இது தெரிந்தவள் நான். தெரிந்தும்.

பிப்ரவரி, இங்கே கோடை. நாங்கள் ரானுயியை விட்டுப் பிளாட் புஷ்ஷுக்கு வீடு மாறும் வாரம். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா ஃபோனை நீட்டிக்கொண்டு வந்தார். மகனிடமிருந்து செய்தி. அவருக்கு வாசிக்கத் தெரியும். இன்னொருவர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

வாசித்தேன். “அம்மா, சனிக்கிழமை பதினொரு மணி, முரிவாய். குன்றுக்கு மேல ஒரு வீடு எடுத்திருக்கிறன். ரெண்டு இரவு. நீங்களும் நானும் மட்டும். கதைக்கோணும். ஆனா முதலே போய்ப் பாக்கக் கூடாது. பாத்தீங்களெண்டால் நான் வர மாட்டன், இனிக் கேக்கவும் மாட்டன். கூகுள்ல பாத்தாலும் பாத்ததுதான்.”

“கதைக்கோணுமாம்” என்றார் அக்கா. “வாசிச்சனீ தானே? கதைக்கோணும் எண்டு போட்டிருக்கு.”

முரிவாய் ரானுயியிலிருந்து இருபத்தைந்து நிமிடம். மேற்குக் கரையில் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறைகள், பாறைகளின் தலையில் வீடுகள், கீழே கறுப்பு மணல். இந்த நகரத்தில் எல்லாரும் காலையில் நினைத்து மதியம் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடும் இடம். அக்காவுக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு போக வேண்டிய இடம் ஆகிவிட்டது.

அவருடைய திட்டத் தாளை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் கொண்டு போக வேண்டியவை. வலது பக்கம் அங்கே இருப்பவை. இந்தத் தடவை இடது பக்கம் நிரம்பி வழிந்தது: மாத்திரை, டார்ச், முழங்கால் பட்டி, மகனுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல், இடியப்ப மா, கயிறு. வலது பக்கத்தில் கேள்விகள் மட்டும். படி எத்தினை? வேலி இருக்கோ? கடல் வீட்டுக்கு எவ்வளவு கிட்ட? காரை எந்தப் பக்கம் பாக்க நிப்பாட்டலாம்?

“வேலியெல்லாம் இருக்கும்க்கா. சட்டம் இருக்குல்ல.”

“இருக்கும் எண்டு சொல்லுறவை ஒருத்தரும் பாத்தவையில்லை, பிள்ளை.”

செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவில் கூப்பிட்டார். “கடல் ஏறி இறங்கிற நேரம் ஃபோனில பாக்கலாமோ? அது இடத்தைப் பாக்கிறதில்லையே?”

“பாக்கலாம்க்கா. அது கடலு.”

“அவன் கோவிக்கமாட்டானே?”

நீதிபதியிடம் கேட்பது போல என்னிடம் கேட்டார். நானும் நீதிபதி போலத் தீர்ப்புச் சொன்னேன். எனக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை விளையாட்டு நின்றது. கதவைத் தட்டியவரின் மேல்சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. “முரிவாய் ரோட்டில வைமாக்கு சுத்துவட்டம் வரைக்கும் போனனான். இடப்பக்கம் திரும்பினால் கடல். நாலு தரம் சுத்தினனான். பின்னால வந்தவன் ஹோர்ன் அடிச்சான். திரும்பி வந்திட்டன்.” கார்ச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “சனிக்கிழமை வரைக்கும் இதை நீ வச்சிரு. என்னை நம்பேலாது.”

மறுநாள் வியாழன். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். மதியம் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே அக்கா டிரைவ்வேயில் நடந்துகொண்டிருந்தார்; கேட் வரை, திரும்பி வீடு வரை, மறுபடி கேட் வரை. கோணிக் கோணி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அவர் உள்ளே போன நேரம் பார்த்து என் காரை எடுத்தேன். அவர் அனுப்பவில்லை, நானாகத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த வேறுபாடு போதும் என்று நினைத்தேன்.

காற்று. முதலில் காற்றுதான். கார்க் கதவைத் திறக்க விடாமல் அழுத்திய காற்று. பாறை முனையில் ஆயிரக்கணக்கில் கன்னெட் பறவைகள், ஒன்றுக்கொன்று ஒரு கொத்துத் தூரம் விட்டு உட்கார்ந்திருந்தன. இடம் மாறி இறங்கிய ஒன்றைச் சுற்றியிருந்தவை எல்லாம் குத்தின. கீழே அலை வந்து பாறையில் அடிக்கும்போது சத்தம் முதலில் காலுக்கு வந்தது, பிறகுதான் காதுக்கு. வீடு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேலே. மரப்படிகள். எண்ணினேன். கைப்பிடி இடது பக்கம் மட்டும். படி திரும்பும் இடத்தில் ஒரு பலகை பாசி பிடித்து, ஒரு முனை ஆணி விட்டிருந்தது. மேலே போனதும் முன்புறம் இடுப்பளவு வேலி. வேலிக்கு அப்பால் பன்னிரண்டு எட்டில் பூமி முடிந்தது.

என் கண் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாகத் தெரிந்தது. எழுதுகிறவள் நான்; வழக்கமாகக் கடலைப் பார்த்தால் ஒரு வரி வரும், குறித்துக்கொள்வேன். அன்று ஒரு வரியும் வரவில்லை. எது பிடிக்கலாம், எது பெயரும், எந்தப் பக்கம் ஓடலாம். இப்படித்தான் அந்த மனுஷி இத்தனை வருடமும் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

“சனிக்கிழமை வரப்போகிற அம்மா நீங்கள்தானே?”

வீட்டுச் சொந்தக்காரி. வயதான வெள்ளைக்காரப் பெண், கையில் செடி வெட்டும் கத்தரி, முகமெல்லாம் சிரிப்பு.

இந்த நாட்டில் நான் பல கேள்விகளுக்குத் தலையாட்டியிருக்கிறேன். உச்சரிப்பு புரியாதபோது. புரிந்தும் பதில் நீளமாக இருக்கும்போது. பக்கவாட்டில் லேசாக ஆடும் நம் ஊர்த் தலையாட்டல். ஆமா என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, தயவுசெய்து மேலே பேசுங்கள் என்று மட்டும் பொருள். அன்றும் ஆட்டினேன். நான் அம்மா இல்லை, அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி, அம்மாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன் என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அவர் கதவைத் திறந்து அறைகளையெல்லாம் காட்டினார். படுக்கை விளக்கின் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை. சமையலறைப் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்படவில்லை, திறந்தது. அக்கா செருப்பில்லாமல் நின்றார். கையில் ஃபோன்.

“நான் போனனானாம்.”

“எங்கக்கா?”

“அந்த வீட்டுக்காரி சொன்னவவாம். அம்மா வியாழக்கிழமை வந்தவ, படியெல்லாம் எண்ணினவ, நல்ல மனுசி எண்டு. இல்லையடா ராசா, நான் போகேல்லை எண்டன். போதும் அம்மா எண்டிட்டு வச்சிட்டான்.” பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. “பிள்ளை… நான் போனனானோ? புதன்கிழமை சுத்துவட்டத்தில திரும்பினனான் தானே? திரும்பி வந்ததுதானே? எனக்கு ஏன் அந்தப் படி தெரியிற மாதிரி இருக்கு?”

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

“நீங்க போகலக்கா. நான்தான் போனேன்.”

ஃபோனை ஒரு பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்தார்.

“அந்தம்மா கேட்டாங்க, நான் தலையாட்டிட்டேன். தப்புதான். இப்பவே தம்பிகிட்ட…”

“எத்தினை மணிக்குப் போனனீ?”

“ஒன்றரைக்கு.”

“வீட்டில ஆருக்குச் சொல்லிப்போட்டுப் போனனீ?”

“யாருக்கும் சொல்லல.”

கை ஓங்கினார். அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லை. திறந்தபோது அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. “ஆருக்கும் சொல்லாமல்” என்றார். “பாக்கிறதுக்கெண்டு. ஆருக்கும் சொல்லாமல்.” மகன் கை நழுவிப்போனது அவருக்கு அந்த நிமிடம் நினைவிலேயே இல்லை. எழுந்து போனார். அன்று அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஏவன்டேலுக்கு ஓட்டினேன். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஃபிளாட். அவன் கதவைப் பாதிதான் திறந்தான்.

“அன்ரி, அவ உங்களை அனுப்பினவவோ?”

“அனுப்பல தம்பி. அவங்க யாரையும் அனுப்ப மாட்டாங்க, உனக்குத் தெரியாதா?”

தெரியும் என்பது அவன் முகத்தில் வந்து போனது. ஆனாலும் விடவில்லை. “நீங்கதான் போனீங்க எண்டு சொல்லச் சொன்னவ. அப்பிடித்தானே? நான் இதை நம்போணும்.”

அக்காவின் கார்ச் சாவியை அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். “புதன்கிழமையிலருந்து இது என்கிட்ட இருக்கு. வைமாக்கு வரைக்கும் போய், நாலு சுத்து சுத்திட்டுத் திரும்பி வந்து, என்னை நம்பேலாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நீ ஃபோனை வச்சதும் என்கிட்ட வந்து கேட்டாங்க தம்பி, நான் போனனானோன்னு. அவங்களுக்கே சந்தேகம் வந்துருச்சு.”

ரயில் ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி நடுங்கி நின்றதும் அவன் கேட்டான்:

“எத்தினை படி எண்ணினீங்க?”

“அறுபத்து நாலு.”

“அறுபத்து மூண்டு” என்றான். “அடியில கிடக்கிறது படியில்லை, சும்மா பலகை.”

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவனுக்கு மெல்ல உறைத்தது. சாவியை வாங்கி உள்ளங்கையில் புரட்டினான். “புக் பண்ண முதல் ஒருக்கா போனனான். அம்மாட முழங்காலுக்கு ஏலுமோ எண்டு.” நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “நாளைக்கு அவ தனிய வர வேண்டாம். நானே வந்து ஏத்துறன்.”

சனிக்கிழமை காலை எங்கள் லாரி டிரைவ்வேயை அடைத்துக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு அவன் கார் தெருவில் வந்து நின்றது. அக்கா வெளியே வந்தார். ஒரே ஒரு பை. கயிற்றையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. மகன் எதிரே வந்து பையை வாங்கினான். கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. “மெலிஞ்சிட்டாய்” என்றார். “இல்லை” என்றான். என்னைக் கடந்து போகும்போது அவர் திரும்பவில்லை. சோஃபா ஒன்றைக் கடந்து போவது போலப் போனார்.

திங்கட்கிழமை திரும்ப வேண்டியவர்கள் புதன்கிழமைதான் வந்தார்களாம். பக்கத்துத் தெருக்காரர்கள் சொன்னார்கள். வருட முடிவில் மகனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்து, அக்காவும் கூடவே போய்விட்டாராம். அவன் முதலில் போய் வீடு பார்த்துவிட்டுக் கூப்பிட்டானா, அவர் பார்க்கட்டும் என்று விட்டானா, தெரியாது. பிளாட் புஷ்ஷிலிருந்து நான் இரண்டு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அழைக்க எனக்கு முகமில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, கார் கிளம்புவதற்கு முன், கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. லாரிக்காரர்கள் வழிக்காகக் காத்திருந்தார்கள். நான் ஓடிப்போய்க் குனிந்தேன். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்து உலர்ந்திருந்தது. மடியிலிருந்த கை, தன் மணிக்கட்டைத் தானே இறுக்கிப் பிடித்திருந்தது.

“அக்கா, அந்தப் படி திரும்புற எடத்துல ஒரு பலகை…”

திரும்பினார். இறங்கியிருந்த கண்ணாடிக்கு மேலாகக் கையை நீட்டி, விரல்களை என் வாயில் வைத்தார். பிப்ரவரி வெயிலில் அந்த விரல்கள் ஐஸாக இருந்தன.

“சொல்லாதை பிள்ளை. ஒரு படியும் சொல்லாதை.”